தன்னிருளைத் தானறிதல்

சைவாசிரிய அன்பர்களே,

"மலங்கள் எத்தனை?" என்று வினாவினால், நமது வித்தியாசாலைகளிலே சிறுவகுப்பு மாணாக்கனும் "ஆணவம், கன்மம், மாயை என மூன்று" என்று தடையின்றி விடை கூறுவான். ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள் சைவ வினாவிடைகளை இயற்றித் தந்த காலந்தொட்டு இவ்விடை யாழ்ப்பாணத்திலே வாயினின்று வாய்க்கு இறங்கி வருகின்றது. விடை பிழையன்று. பரீட்சைக்கு அது போதும். ஆயினும் அதனைச் சொல்லும் மாணாக்கனும், சொல்லிக்கொடுத்த ஆசிரியரும், அம்மூன்றனுள் முதலாவது இப்பொழுதே தம்மிடத்து நிற்கின்றதென்று ஒருபோதாயினும் எண்ணினார்களோ என்பதே யாம் ஈண்டு எடுத்துக்கொண்ட வினா.

ஆணவமென்னுஞ் சொல் உலக வழக்கிலே செருக்கு என்னும் ஒரு பொருளளவிற் குறுகிவிட்டது. "அவன் ஆணவக்காரன்" என்று பிறனைச் சுட்டிக் கூறுவோரைத் தெருத்தோறுங் காணலாம்; தன்னைச் சுட்டி அவ்வாறு கூறினாரை யாம் கண்டிலேம். சித்தாந்த சாத்திரங்கள் கூறும் ஆணவமோ செருக்கு மாத்திரமன்று. செம்பிற் களிம்பு போல அநாதியே உயிரோடு உடனாய் நின்று, அதன் அறிவிச்சை செயல்களை மறைத்து நிற்பது அது. களிம்பு செம்புக்கு வெளியினின்று வந்து ஒட்டியதன்று. செம்பு உள்ள அன்றே உள்ளது. அருணந்தி சிவாசாரியர் இருபாவிருபஃதிலே இம்மலத்தின் குணங்களை எட்டாக எண்ணிக் காட்டினார். குரோதமும் மதமும் அவற்றுட் சேர்ந்திருத்தல் எவர்க்கும் எளிதின் விளங்கும். நகையும் அவற்றுள் ஒன்றாக எண்ணப்பட்டிருத்தலை ஆசிரியராயினார் சிறிது நின்று நோக்குதல் வேண்டும். அதனைப் பின்னர்க் கூறுவாம்.

உமாபதி சிவாசாரியர் திருவருட்பயனிலே மூன்றாம் அதிகாரத்தை இருண்மலநிலை யென்று இதற்கே வகுத்தருளினார். புறவிருளினும் அகவிருள் கொடிது என்பது அங்கே விளங்கும் கருத்து. புறவிருள் பொருள்களை மறைக்கும். 'இருள் உளது' என்பதனை மறையாது. விளக்கவிந்த வீட்டினுள்ளே நள்ளிரவில் நிற்பவன் ஒன்றையுங் காணானாயினும், தான் இருளில் நிற்றலை அறிவான். அறிந்தபடியாற் கையை நீட்டிச் சுவரைத் தடவி மெல்ல நடப்பான். ஆணவவிருளோ பொருளையும் மறைத்துத் தன்னையும் மறைக்கும். அதனுள் நிற்பவன் நடுப்பகலிலே நிற்பதாக எண்ணி விரைந்து நடப்பான். முட்டியபொழுது சுவரை நோவான். ஆதலின் "என்னிடத்தே இருளில்லை" என்பவனது சொல்லே அவ்விருளின் மிகுதிக்குச் சான்றாதல் காண்க.

அற்றேல், இருளை உடையேம் என்று ஒப்புக்கொள்ளுதல் அவ்விருளுக்கு உடன்படுதலாய் முடியாதோ? கோபமுடையேன் என்று கூறுபவன் நாளடைவிலே கோபித்தற்கு உரிமையுடையேன் என்று கூறானோ? எனின், அங்ஙனங் கூறுவாருமுளர். அவர் கண்டது இருளையன்று. இருளுக்கொரு நியாயத்தையே கண்டார். "என் சுபாவம் இது; பொறுப்பார் பொறுக்க" என்னுஞ் சொல்லிலே ஒப்புதல் சிறிதுமில்லை; ஆணவமே நேர்நின்று பேசுகின்றது. இதற்கு மறுதலையாக, "அடியேன் மகாபாவி" என்று சபைதோறுஞ் சொல்லித் திரிவாரும் உளர். அவரை நோக்கி ஒருவர் "ஆம், நீர் அத்தகையீரே" என்று உடன்பட்டுவிட்டால் அவர் முகம் எவ்வாறு மாறும் என்பதை அன்பர்கள் தாமே எண்ணிக்கொள்க. நோயை நேசிப்பவனும் நோயை மறைப்பவனும் வைத்தியனுக்கு ஒருதன்மையரே. உள்ளதனை உள்ளவாறு கண்டு, 'இது என்னது' என்று கூசாது கொண்டு, கொண்டதனைத் தன் கையில் வையாது இறைவன் முன்னே வைப்பதனையே யாம் ஒப்புதல் என்கின்றோம்.

நாயன்மார் சரித்திரத்தைக் கற்பிக்குமிடத்து நாம் பெரும்பாலும் அற்புதங்களை விரித்துக் குற்றங்களை விரைந்து கடக்கின்றோம். சேக்கிழார் பெருமான் அங்ஙனஞ் செய்திலர். தம்பிரான்றோழரெனப் போற்றப்படுஞ் சுந்தரமூர்த்தி நாயனார் திருவொற்றியூரிலே சங்கிலியாரை மணஞ்செய்தருளிய காலத்து நிகழ்ந்ததனை நோக்குக. 'உன்னைப் பிரியேன்' என்று சங்கிலியாருக்குச் சபதஞ் செய்துகொடுத்தல் வேண்டும். திருவாரூரை நினைந்த உள்ளமோ அவ்வாறு நிற்கமாட்டாது. ஆதலின் நாயனார் இறைவரை நோக்கி, யான் திருமுன்னே சபதஞ் செய்ய வரும்பொழுது தேவரீர் அவ்விடம் விட்டு மகிழின்கீழ் எழுந்தருளியிருத்தல் வேண்டும் என்று விண்ணப்பித்தார். இறைவரும் இசைந்தருளினார். இசைந்தருளியவர் சங்கிலியாரது கனவிலே தோன்றி, மகிழின்கீழே சபதஞ் செய்யும்படி கேள் என்றும் உணர்த்தியருளினார்.

தவறக்கூடிய சொல்லைச் சொல்லும் இடத்தினின்று கடவுளைச் சிறிது அப்பால் வைக்கலாம் என்று எண்ணியவருக்கு, கடவுள் நின்ற இடத்திலேயே அதனைச் சொல்லும்படி நேர்ந்தது. நாம் நாடோறுஞ் செய்வதும் இதுவேயன்றோ? சந்நிதியிலே ஒரு முகம். சந்நிதியன்றென்று நாமே வகுத்துக்கொண்ட வகுப்பறையிலும் அடுக்களையிலும் மற்றொரு முகம். நாம் எதனை எங்கே ஒளித்து வைப்பினும், ஒளித்த இடம் அவருக்கு அம்மகிழமரத்து நிழலாகவே இருக்கின்றது.

நாயனார் சபதந் தப்பித் திருவொற்றியூரின் எல்லையைக் கடந்தமாத்திரத்திலே இருகண்களும் மறைந்தன. பின்பு அவர் செய்ததே நமக்கு வேண்டுவது. கண்ணிழந்தமையை மறைத்தாரல்லர், பிழைத்திலேன் என்று வாதித்தாருமல்லர். தோழமைபற்றி இறைவரோடு வழக்கிட்டார். வழக்கிட்டபொழுதும் தம் பிழையை ஒப்பிக்கொண்டே வழக்கிட்டார். திருவெண்பாக்கத்திலே ஊன்றுகோல் கிடைத்தது. காஞ்சியிலே இடக்கண் கிடைத்தது. வலக்கண் திருவாரூரை அடைந்த பின்னரே கிடைத்தது. ஒப்பிய மறுகணமே ஒளி வந்துவிடும் என்று எதிர்பார்ப்பார்க்கு இச்சரித்திரந் துணைசெய்யாது. முதலில் வந்தது கோலே.

திருநாவுக்கரசு நாயனாரோ சமணத்திலே தருமசேனராய் விளங்கிய தம் முன்னாளை முதுமையிலும் மறவாது தம் பாடல்களிலே வைத்தருளினார். மாணிக்கவாசக சுவாமிகள் தம்மை நாயினுங் கீழாக வைத்துப் பேசுதலைத் திருவாசகத்தில் எங்குங் காண்கின்றோம். இவையெல்லாம் அடக்கத்தினாற் கூறிய உபசாரமொழிகள் என்று பொருள் சொல்லிச் செல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. யாம் அதற்கு உடன்படோம். ஓலை வேய்ந்த வீட்டினுள்ளே கூரைப் பொத்தலால் வெயிற்கதிர் ஒன்று இறங்கும்பொழுது, அக்கதிரினுள்ளே எண்ணிறந்த துகள்கள் பறத்தல் தோன்றும். கதிர் இறங்காத மூலையிலுந் துகள் உண்டு, தோன்றாமையே வேறுபாடு. ஒளி மிக்க உள்ளத்திலே துகள் மிகுதியாகத் தோன்றியது. அவர்கள் கண்டதைச் சொன்னார்கள்.

இனி, இவ்வொப்புதலுக்குச் சித்தாந்தம் தரும் அடிப்படையைச் சிறிது ஆராய்வாம். திருவதிகை மனவாசகங்கடந்தார் உண்மை விளக்கத்திலே ஐந்தொழிலுங் கூத்தப்பெருமான் திருவுருவில் அமைந்தவாற்றை உணர்த்தினார். துடியிலே படைத்தலும், அமைந்த கையிலே காத்தலும், அனலிலே அழித்தலும், ஊன்றிய திருவடியிலே மறைத்தலும், எடுத்த திருவடியிலே அருளலும் காணப்படும். ஊன்றிய திருவடியின்கீழ்க் கிடப்பவன் முயலகன். அவன் அஞ்ஞானத்தின் வடிவு. வகுப்பிலே நடராசர் திருவுருவப்படத்தைக் காட்டும்பொழுது இரண்டு செய்திகளை மாணாக்கர்க்கு வினாவாக விடுக்கலாம். முயலகன் ஏன் கொல்லப்பட்டிலன்? அவன்மேல் ஊன்றிய திருவடி ஏன் மறைத்தற்றொழிலுக்கு உரியதாயிற்று?

கொல்லப்படாமைக்குக் காரணம், ஆணவம் அநாதியாகிய உள்பொருளாதல். உள்ளது இல்லாது போகாது. அதன் சத்தியே அடங்கும். முத்தியினும் மலம் தன் வலியிழந்து கிடக்குமன்றி அற்றொழிவதன்று என்பது நம் சித்தாந்தத் துணிபு. சூரியன் முன்னே இருள் போல என்க. தன்னிடத்துள்ள தீமையை வேரோடு பிடுங்கி எறிந்துவிட்டேன் என்று ஒருவன் கூறுவானாயின், அவன் சித்தாந்தம் அறியாதவன், தன்னையும் அறியாதவன். இரண்டாம் வினாவின் விடை இதனினும் பெரிது. மறைப்பது மலம் மாத்திரமன்று. மலத்தோடு உடனின்று, உயிர் தாங்குமளவைக்கேற்ப மறைத்து, அம்மலத்தைச் சிறிது சிறிதாகப் பரிபாகப்படுத்தும் இறைவனது சத்தியே திரோதானசத்தி. அது மலத்தோடு உடனிற்றல்பற்றி மலமென உபசரித்துக் கூறப்படும், உண்மையில் அருளேயாம். எனவே, நாம் நோக்க அஞ்சும் அவ்விருட்டறையிலே இறைவன் திருவடி முன்னரே ஊன்றப்பட்டிருக்கின்றது. சைவன் தன்னிருளை நோக்குதற்கு அஞ்சவேண்டாமைக்குக் காரணம் தன் நெஞ்சுரமன்று, இதுவே.

கந்தபுராணம் இதனைக் கதைவாயிலாகக் காட்டும். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளையவர்கள் யாழ்ப்பாணத்தவர் வாழ்வைக் கந்தபுராண கலாசாரமென்று குறித்தமை அன்பர்கள் அறிந்ததே. ஒருவர் வாசிக்க ஒருவர் பயன் சொல்லும் புராணபடனத்தைக் கேட்டு வளர்ந்த ஊர் நமது. கந்தசட்டியின் ஆறாம் நாளிலே ஆலய வீதிகளில் சூரன்போர் நிகழும்பொழுது நம் பிள்ளைகள் தோளிலும் மதிலிலும் ஏறிநின்று பார்க்கின்றார்கள். சூரன் தலைமாறித் தலைமாறி வருவான். ஈற்றிலே மாமரமாய் நிற்பான். வேல் அதனை இருகூறாக்கும். ஒருகூறு மயிலாயிற்று, மறுகூறு சேவலாயிற்று. மயிலை ஊர்தியாகவும் சேவலைக் கொடியாகவும் முருகப்பெருமான் ஏற்றருளினார். சூரனை அழித்தார் என்று சொல்லி நாம் கதையை முடிப்பது கச்சியப்ப சிவாசாரியர் முடித்த முடிபன்று. நூற்றெட்டு யுகம் அரசாண்ட அவ்வலி வீணாக்கப்படவில்லை. அதன் மேலே பெருமான் எழுந்தருளினார். பிள்ளைகள் கைகொட்டுகின்றார்கள், கைகொட்டுவதிலே தவறில்லை. சூரன் வீதியில் மாத்திரம் நிற்கின்றான் என்று எண்ணி அவர்கள் வீடு செல்லாதபடி செய்வது ஆசிரியர் கடன்.

ஆசிரியரிடத்துச் சூரன் எவ்வுருக்கொண்டு நிற்பான் என்பதை இனிக் கூறுதல் வேண்டும். பேருருவாய் அன்று, மிகச் சிறிய உருவாகவே நிற்பான். ஒரு கணக்கை ஆசிரியர் கரும்பலகையிலே பிழையாகச் செய்துவிடுகின்றார் என்க. பின்வரிசையிலுள்ள சிறுவன் ஒருவன் எழுந்து அதனைத் திருத்துகின்றான். வகுப்புச் சிரிக்கின்றது. ஆசிரியருஞ் சிரித்து, "நன்று" என்று கூறி மேலே செல்கின்றார். கோபம் சிறிதுமில்லை, அவருக்கே தெரியவில்லை. இரண்டு நாள் கழிந்த பின்னர் அச்சிறுவனது கையெழுத்துச் செம்மையில்லை யென்று தோன்றுகின்றது. அன்று அவனுக்குத் தண்டனை. கையெழுத்துச் செம்மையின்மை உண்மையே. ஆயினும் அடுத்திருந்த நால்வர் எழுத்தும் அத்தன்மையதே. குரோதம் தன்னுருவோடு வந்தால் நாம் அடையாளங் கண்டுகொள்வோம். அது ஒழுக்கம் கற்பித்தல் என்னும் வேடம் புனைந்து வருகின்றமையாலேயே எளிதில் உள்ளே புகுகின்றது.

2005ஆம் ஆண்டிலே இலங்கைக் கல்வியமைச்சு பாடசாலைகளில் உடற்றண்டனையை விலக்கிச் சுற்றுநிருபம் விடுத்தது. கையினின்று பிரம்பு நீங்குதல் நன்று. பிரம்பு நாவிற்கு ஏறுமாயின் பயனென்னை? மேலே கூறிய நகை என்னுங் குணம் ஈண்டே வெளிப்படுகின்றது. மந்தமான மாணாக்கனைச் சுட்டி ஒரு சொற் சொல்லி வகுப்பு முழுவதையுஞ் சிரிக்கவைக்கும் ஆசிரியர், தம்மை நகைச்சுவையுடையாரென்று எண்ணுகின்றார். அடிபட்ட தழும்பு சில நாளில் மாறும். பட்டப்பெயரோ அறுபது வயதுவரையில் ஊரிலே வழங்கும்.

இன்னுமொன்று. சில மாணாக்கரைக் கண்டமாத்திரத்திலே காரணமின்றி நமக்கு வெறுப்புத் தோன்றுதல் உண்டு. அவன் திக்கிப் பேசுகின்றான். அல்லது கிழிந்த சட்டையோடு வந்து அதனைக் கையால் மறைக்கின்றான். அல்லது முகத்துதி செய்கின்றான். அவ்வெறுப்பு அவன் செய்த குற்றத்தின் அளவைக் கடந்து நிற்குமாயின், ஆசிரியர் அவனைவிட்டுத் தம்மை நோக்குதல் நலம். தாம் இளமையிலே பட்ட வறுமையை, தாம் அஞ்சி ஒடுங்கிய நாட்களை, தாம் பிறர்முன் வளைந்த முதுகை எவர் மறந்துவிட விரும்பினாரோ, அவர் அதே தோற்றத்தைச் சிறுவனிடத்துக் காணும்பொழுது பொறார். தம்முள் ஒறுத்ததனை அவனிடத்து ஒறுக்கின்றார். தன்னிருளை ஒப்பாதவன் அதனைப் பிறன் தலையிலே ஏற்றிக் காண்பான் என்பதற்கு வகுப்பறையைப் போல வேறு சான்று வேண்டா.

ஒருவனுக்கு ஆவது ஒரு சமூகத்துக்கும் ஆம். 1929ஆம் ஆண்டிலே, அரசினர் உதவிப்பணம் பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்குஞ் சமவாசனம் அளித்தல் வேண்டுமென்று கட்டளை பிறந்தது. அதற்கு முன்னர்ப் பல பாடசாலைகளிலே சில பிள்ளைகள் நிலத்தில் இருந்தே பாடங் கேட்டார்கள். கட்டளையை ஏற்று வாங்கு கொடுத்த பாடசாலைகள் சில 1930ஆம் ஆண்டையடுத்து யாழ்ப்பாணத்திலே தீயிட்டு எரிக்கப்பட்டன. எரித்தவர் அன்னியரல்லர். 1957ஆம் ஆண்டிலே சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும், 1968ஆம் ஆண்டிலே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே அடியார் சிலர் உட்செல்லாதபடி தடுக்கப்பட்டனர். திருநாளைப்போவார் புராணத்தை உருகிப் படித்த மண் இது. தில்லை எல்லையிலே நின்று கலங்கிய அவ்வடியாரை எண்ணிக் கண்ணீர் சொரிந்தவர்களே, தம்மூர் வாயிலில் நின்றவரைக் காணாதிருந்தார்கள். இருளினுள் நிற்பவன் தான் பகலில் நிற்பதாக எண்ணுவான் என்று மேலே கூறினோம். அதற்கு இதனினுஞ் சிறந்த உதாரணம் யாம் அறிந்திலேம்.

"பழையதனைக் கிளறுவது எற்றுக்கு? பிள்ளைகளுக்கு நம் சமயத்திலே அவமதிப்பு உண்டாகுமே" என்று அஞ்சும் பெரியோர் உளர். அவ்வச்சம் சமயப் பற்றினாலேயே பிறப்பது. அதனை யாம் இகழேம். ஆயினும் யாழ்ப்பாணத்தார் கிணற்றின் இயல்பை அறிவர். நீர் தெளிந்திருக்கின்றதென்று ஆண்டுக்கணக்காக இறைக்காது விட்டால் அடியிலே சேறு ஏறும்; ஊற்றுக்கண் அடைபடும். கோடையிலே நீரையெல்லாம் இறைத்து, ஆளிறங்கிச் சேற்றை அள்ளிக் கரையேற்றுகின்றோம். அள்ளும்பொழுது நாற்றம் எழும். அயலார் மூக்கைப் பொத்துவர். அச்சேற்றையே வாழைக்குப் பரப்புகின்றோம். மேற்கூறிய ஆண்டுகளையும் நிகழ்ச்சிகளையும் மேல்வகுப்பு மாணாக்கர்க்கு ஆசிரியரே வெளிப்படையாகக் கூறுதல், அவர்கள் அவற்றைப் பிறர் வாயிலே ஏளனமாகக் கேட்டறிதலினும் நன்று என்பது எம் கருத்து. கூறுமிடத்து, 'அக்காலத்தவர் அறியாதவர்' என்று அவர்மேலே முழுதும் ஏற்றிவிட்டு நாம் நீங்கிக்கொள்ளலாகாது. கலியாணப் பேச்சு நிகழும் வீடுகளிலே அவ்விருள் இன்றும் பாய்விரித்திருக்கின்றது.

செய்முறையைப்பற்றி ஒருசில கூறுவாம். விரித்துரைக்க வேண்டுவதில்லை. இரவிலே மறுநாட் பாடக்குறிப்பை எழுதி முடித்தபின் ஆசிரியர் திருநீறணிந்து சிறிதுநேரம் வாளாவிருப்பாராக. அன்று தம் உள்ளத்தில் எழுந்ததனை அதற்குரிய பெயராலே குறிப்பாராக. பொறாமையைப் பொறாமையென்க, 'மனவருத்தம்' என்னற்க. அச்சத்தை அச்சமென்க; 'பொறுமை' என்னற்க. பழைய மாணாக்கன் ஒருவன் பட்டம் பெற்று உயர்ந்து ஊரெல்லாம் புகழும்பொழுது, 'என் மாணாக்கன்' என்னும் உவகையின் அடியிலே முள்ளொன்று தைக்குமாயின் அதனையும் பெயரிட்டு அறிக. பெயரிட்டபின் தம்மை வையவும் வேண்டா. நியாயங் கூறவும் வேண்டா. பூசைமுடிவிலே பிழைபொறுக்கும்படி வேண்டும் வழக்கம் நமக்குப் புதியதன்று. மந்திரத்திலும் கிரியையிலும் நேர்ந்த குறைகளுக்கே அதனை உரித்தாக்கிவிட்டோம். அன்றைய வகுப்பறையையும் அதனுட் சேர்த்துக்கொள்ளலாம்.

காரணமின்றித் தண்டித்த மாணாக்கனிடத்திலே ஆசிரியர் பொறுக்கும்படி கேட்டல் தகுமோ என்று வினாவுவாருளர். மதிப்புக் குறையும் என்பது அவர் ஐயம். அச்சிறுவன் காரணமின்மையை அன்றே அறிவான். அவனருகிருந்த நால்வரும் அறிவர். அறியாதிருந்தவர் ஆசிரியர் ஒருவரே.

மும்மலப் பாடம் நடக்கும்பொழுது துடுக்குள்ள பிள்ளையொன்று எழுந்து, "ஐயா, உங்களுக்கும் ஆணவம் உண்டோ?" என்று கேட்டல் கூடும். அப்பிள்ளையை அதட்டி இருத்தற்க. "உண்டு" என்று கூறி, நடராசர் படத்திலே ஊன்றிய திருவடி இருக்கும் இடத்தைக் காட்டி, பாடத்தை மேலே நடத்துக.

திருச்சிற்றம்பலம்.